ஃ பிரிவு: கடலூர்–புதுச்சேரி எல்லையில் ஒரு மாந்திரீகப் புலனாய்வு விளையாட்டைத் தொடங்குவது எப்படி?

அரசாங்கத்துக்குள் யாருக்கும் தெரியாத ஒரு பிரிவு இருக்கிறது. பில்லி, சூனியம், ஏவல் என்று வரும் புகார்களை எல்லாம் அதுதான் விசாரிக்கிறது. இது முழுக்கக் கற்பனைதான். ஆனால் இந்த ஒரு கற்பனையை நடுவில் வைத்துக்கொண்டு நண்பர்கள் நான்கு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் போவதே தெரியாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தப் பிரிவின் ஊழியர்களாகப் பேசுவார்கள், விசாரிப்பார்கள், முடிவெடுப்பார்கள். எடுத்த முடிவு பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். மேஜைக் கதை விளையாட்டு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். 1974இல் அமெரிக்காவில் அச்சிட்ட விதிப்புத்தகத்தோடு விற்பனைக்கு வந்த விளையாட்டு வகை இது. ரகசியத் துறைகளை வைத்தும் அங்கே நிறைய வந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் இருப்பது அவர்கள் ஊர் அதிகாரிகளும் அவர்கள் ஊர்ப் பேய்களும். அப்படியே தூக்கிவந்து இங்கே விளையாடினால் ஒட்டாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் என் முதல் ஆட்டம் நடந்தது. கடலிலிருந்து ஏறிவரும் ஒரு ஜந்து, கறுப்புக் கண்ணாடி போட்ட அதிகாரிகள், பூமிக்கு அடியில் ஒரு ஆய்வுக்கூடம் என்று இரண்டு வாரம் உட்கார்ந்து தயாரித்திருந்தேன். ஒருவர்கூடப் பயப்படவில்லை. கடைசியில், ஏதோ தோன்றி, முள்ளோடைச் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் ஒரு உடல் கிடப்பதாகச் சொன்னேன். தலை புதுச்சேரியில், கால் தமிழ்நாட்டில். உடனே எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எந்தப் போலீஸ் வரும்? எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது? விடிவதற்குள் யாராவது பார்த்துவிட்டால்? நாற்பது நிமிடம் அதைப் பற்றியே பேசினார்கள். அன்று முதல் என் முறை இதுதான்: அலுவலகத்தை முதலில் கட்டுவேன், அமானுஷ்யத்தை அப்புறம் உள்ளே விடுவேன்.

முதலில் அலுவலகம்

உங்கள் ரகசியப் பிரிவுக்கு வீரமான பெயர் வேண்டாம். ஆட்சியர் அலுவலகத்தில் பிரிவுகளை எழுத்தும் எண்ணும் வைத்துத்தான் குறிப்பார்கள்: அ1, ஆ2, இ3 என்று போகும். நாங்கள் எங்கள் கற்பனைப் பிரிவுக்கு ஃ1 என்று வைத்தோம். ஆய்தத்துக்கு இலக்கணத்தில் தனிநிலை என்றொரு பெயர் உண்டு. உயிரோடும் சேராது, மெய்யோடும் சேராது. நம் பிரிவுக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து கிடைக்காது.

இடம்: மஞ்சக்குப்பத்தில் நிற்கும் பழைய ஆட்சியர் அலுவலகம் மாதிரி உயர்ந்த கூரையுள்ள கட்டடத்தில், பதிவறைக்குப் பின்னால் ஒரு அறை. ஒரு கண்காணிப்பாளர், இரண்டு உதவியாளர்கள், ஒரு அலுவலக உதவியாளர். ஜீப் கேட்டால் வேறு துறையிலிருந்து வாங்க வேண்டும். தபால் வரும், தன்பதிவேட்டில் ஏறும், குறிப்புத் தாளில் எழுதி மேலே போகும், சிவப்பு மையில் "மந்தணம்", அதாவது ரகசியம், என்று எழுதித் திரும்பி வரும். இந்த நடைமுறை தெரிந்த ஒருவர், ஓய்வு பெற்ற தாசில்தாரோ எழுத்தரோ, உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு மாலை உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத விவரம் கிடைக்கும். உதவியாளர் விடுப்பில் போனால் அவர் மேஜைக் கோப்பு என்ன ஆகும் என்பது போன்ற ஒரு விவரம் ஒரு முழு ஆட்டத்துக்குத் தாங்கும்.

அப்புறம், அந்தப் பிரிவுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். இதற்கு நிஜச் சட்டங்களே கைகொடுக்கின்றன. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம், தாயத்து, மந்திரம், கவசம் முதலியவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 508ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 354. ஒரு காரியத்தைச் செய்யாவிட்டால் தெய்வக் குற்றம் வந்துவிடும் என்று ஒருவரை நம்பவைத்துக் காரியம் சாதிப்பது அதில் குற்றம். பழைய சட்டம் இதற்குக் கொடுத்த எடுத்துக்காட்டே ஒரு கதைதான்: ஒருவன் இன்னொருவன் வாசலில் தர்ணா உட்கார்கிறான், நான் இப்படி உட்கார்வதால் உனக்குத் தெய்வக் குற்றம் வரும் என்று நம்பவைக்க. மகாராஷ்டிரத்தில் 2013இலும் கர்நாடகத்தில் 2017இலும் நரபலி, சூனியம் போன்றவற்றுக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. ஊழியர்கள் வாயைக் கட்ட 1923ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு உதாரணம் வேண்டுமென்றால், இங்கிலாந்தில் ஹெலன் டங்கன் என்ற பெண்மணியை 1944இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டத்தின்படி சிறையில் அடைத்தார்கள். ஆவிகளோடு பேசுவதாகச் சொன்னவர் அவர். அரசாங்கம் மாந்திரீகத்தைப் பற்றிக் கவலைப்படுவது ஒன்றும் நம்பமுடியாத விஷயம் இல்லை.

எல்லைதான் உங்கள் பெரிய சொத்து

நம் பகுதியில் இந்த விளையாட்டை நடத்துகிறவருக்குக் கிடைத்திருக்கும் வசதி வேறு எந்த ஊர்க்காரருக்கும் இல்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் எல்லை நேர்கோடாக ஓடாது. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் போனால் புதுச்சேரிக் கிராமம், தமிழ்நாட்டுக் கிராமம், மறுபடி புதுச்சேரி என்று மாறி மாறி வரும். இந்தப் பக்கம் ஊராட்சி, அந்தப் பக்கம் கொம்யூன் பஞ்சாயத்து. இந்தப் பக்கப் போலீஸ் தொப்பி வேறு, அந்தப் பக்கச் சிவப்புத் தொப்பி வேறு. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் உயர் நீதிமன்றம் சென்னையில் ஒன்றுதான்.

இந்தக் கோடுகள் எப்படி வந்தன என்று கொஞ்சம் படித்துவைத்துக்கொள்ளுங்கள். 1690இல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலமும் சேர்த்து என்பது பேச்சு. சுட்டார்கள். குண்டு எட்டிய ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. ஒரு ஊரின் தலையெழுத்தை ஒரு இரும்புக் குண்டு எழுதிய இடம் இது. இதற்கு மேல் நாம் என்ன கற்பனை செய்துவிட முடியும்!

புதுச்சேரிப் பக்கம் வாருங்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு. 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16. இடையில் கிட்டத்தட்ட எட்டு ஆண்டு. அந்த எட்டு ஆண்டில் பிரெஞ்சுக்காரர்களின் ரகசியக் கோப்பு ஒன்று யாருக்குச் சொந்தம்? நான் இந்த ஒரு கேள்வியை வைத்து மூன்று ஆட்டம் நடத்தியிருக்கிறேன். 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தபோது கோப்புகளும் பிரிந்தன. ஃ பிரிவின் கோப்பு ஒன்று இரண்டு இடத்துக்கும் போய்ச் சேரவில்லை என்று வைத்தால் அது இன்னொரு கதை. அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய ஜாடித் துண்டுகள் கிடைத்தன. ஒரு ஜாடி மட்டும் மூடி உடையாமல் கிடைத்தது என்று நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம். லெ ஜான்டீ என்ற பிரெஞ்சு வானியலாளர் 1760இல் ஊரைவிட்டுக் கிளம்பினார், சூரியனைக் கடக்கும் வெள்ளியைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க. 1761இல் வந்து சேர முடியவில்லை, ஊர் ஆங்கிலேயர் கையில். எட்டு ஆண்டு கழித்து, 1769 ஜூனில், புதுச்சேரியில் எல்லாம் தயாராக வைத்துக் காத்திருந்தார். சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடிக்கொண்டது. மேகம் ஏன் மூடியது என்று ஒரு கோப்பு திறக்கலாமா இல்லையா?

இப்படித் தேதியும் ஊரும் நிஜமாக இருக்க, ஒரே ஒரு பொருளை மட்டும் நீங்கள் கற்பனையாகச் சேருங்கள். ஒன்று போதும். இரண்டு சேர்த்தால் மேஜையில் இருப்பவர்கள் நம்புவதை விட்டுவிடுவார்கள்.

ஆட்களும் விதிகளும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் விதி குறைவாக இருப்பதே நல்லது. ஒவ்வொருவரும் ஒரு ஊழியரை உருவாக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், தலையாரி, தலைமைக் காவலர், அரசு மருத்துவமனைச் செவிலியர், ஓலைச்சுவடி படிக்கத் தெரிந்த ஒருவர், இப்படி. சுவடிக்காரருக்குப் புதுச்சேரியில் பின்னணி தேடி அலைய வேண்டாம். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியவை.

விசாரணை, கோப்பறிவு, பேச்சு, உடல் வலு, மாந்திரீக அறிவு என்று ஐந்து திறமைகள். 70, 60, 50, 40, 30 என்ற ஐந்து எண்களை இவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். காரியம் சந்தேகமாக இருக்கும்போது பத்துப் பக்கப் பகடை இரண்டை உருட்ட வேண்டும். ஒன்று பத்தாம் இடம், மற்றது ஒன்றாம் இடம். இரண்டும் சைபர் வந்தால் நூறு. வந்த எண் திறமைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் காரியம் ஆகும். பகடை இல்லையா? பத்துப் புளியங்கொட்டையில் 0 முதல் 9 வரை எழுதி ஒரு சொம்பில் போடுங்கள். ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போட்டுக் குலுக்கி இன்னொன்று எடுங்கள். சோழி வேண்டாம். சோழியில் நடு எண்கள்தான் அடிக்கடி விழும், கணக்கு கெட்டுவிடும்.

ஆறாவது எண் ஒன்று உண்டு: உறக்கம். எல்லோருக்கும் 50இல் தொடங்கும். பயங்கரமான ஒன்றைப் பார்த்தால் உறக்கத்துக்கு எதிராக உருட்ட வேண்டும். தோற்றால் ஒன்றாம் இடத்து எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். 20க்குக் கீழே போனால் அந்த ஊழியர் வீட்டில் யாரிடமாவது வாய்திறந்து சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் 10 திரும்பக் கிடைக்கும், ரகசியச் சட்டம் மீறியதாகவும் ஆகும். யாரிடம் சொல்கிறார், எப்படிச் சொல்கிறார் என்பதை நடித்துக் காட்ட வேண்டும். எங்கள் மேஜையில் மிகவும் அமைதியாகக் கேட்ட காட்சிகள் எல்லாம் இவைதான். ஒருமுறை தலைமைக் காவலராக விளையாடியவர் தன் ஆயாவிடம் போய் உட்கார்ந்தார். ஆயாவாக நான்தான் பேசினேன். "என்னாடா, சாப்புட்டியா?" என்று மட்டும் கேட்டேன். அவரால் அடுத்த வார்த்தை பேச முடியவில்லை.

வெளிநாட்டு விதிப்புத்தகங்கள் சிலவற்றில் இந்த இடத்தில் பைத்தியம் பிடிப்பதற்கு ஒரு அட்டவணை இருக்கும். நான் அதை எடுத்துவிட்டேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். நோயைப் பேய் என்று நினைத்து வீட்டார் அழைத்துவந்து விட்டுப்போனவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அந்தச் செய்தி படித்த நாட்டில் அந்த அட்டவணையை வைத்துச் சிரித்து விளையாட எனக்கு மனம் வரவில்லை.

யாரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது

இது இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிற பகுதி. சூனியக்காரி என்று ஊர் யாரைச் சொல்கிறது என்று பாருங்கள். தனியாக இருக்கும் விதவை, வயதானவள், நிலத்தில் பங்கு கேட்டவள், ஊருக்குப் புதிதாக வந்தவள். உங்கள் கதையின் முடிவில் அவள்தான் உண்மையிலேயே சூனியம் வைத்தாள் என்று வந்தால், அதையேதான் ஊரும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஃ பிரிவு எதற்கு இருக்கிறது? பயத்தைக் காசாக்குகிறவனைத் தேடிப் போவதற்கு. அமானுஷ்யம் நிஜமாகவே இருக்கட்டும், தவறில்லை. அது பலம் இல்லாதவர் மேல் பழியாக மட்டும் முடியக் கூடாது.

அதே மாதிரி, கோயிலும் சாமியும். மாசி மகத்தில் வைத்திக்குப்பத்துக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் தீர்த்தவாரிக்கு வரும் கூட்டம், மயானக் கொள்ளை, வீராம்பட்டினம் தேர் எல்லாம் கதைக்குப் பின்னணியாக அழகாக இருக்கும். கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறிய இடம் என்று கரையேறவிட்டகுப்பம் இருக்கிறது. அவற்றை மரியாதையாகப் பின்னணியில் வையுங்கள், எதிரியாக வைக்காதீர்கள். 2004 சுனாமியை நான் தொடுவதே இல்லை. தேவனாம்பட்டினத்தில் மேஜைக்கு வருகிறவர் வீட்டில் யார் போனார்கள் என்று நமக்குத் தெரியாது. முதல் நாளே எல்லோரிடமும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, கதையில் வரவே கூடாத விஷயத்தை எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். எழுதியது வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ஏன் என்று கேட்கக் கூடாது.

ஒரு கோப்பைத் தயாரிப்பது

நான் நடத்திய ஒன்றையே பிரித்துக் காட்டுகிறேன். ஆட்டம் ஒரு மனுவோடு தொடங்கும். வெள்ளைத்தாளில் நீல மையால் கையால் எழுதினேன், கோர்ட் ஸ்டாம்பு ஒட்டுகிற இடத்தில் பசைக் கறை மட்டும் வைத்தேன்.

"பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கடலூர். பொருள்: தகடு வைத்ததாகக் கூறுவது தொடர்பாக. ஐயா, வணக்கம். எங்கள் குப்பத்தில் தை மாதம் முதல் ஏழு வீட்டு வாசலில் தகடு எடுத்திருக்கிறார்கள். என் வீட்டு வாசலில் மட்டும் எடுக்கவில்லை. அதனால் வைத்தது நான்தான் என்கிறார்கள். குழாயில் தண்ணீர் பிடிக்க விடுவதில்லை. நான் வைக்கவில்லை என்று எழுதிக் கொடுக்குமாறு ஐயா அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

மனுவைப் படித்ததும் ஆட்டக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியே கதையைத் திறந்துவிடும். குப்பம் கற்பனை, எல்லைக்கு அருகில், கடற்கரையில் இருப்பதாகச் சொன்னேன்.

ஒவ்வொரு உண்மைக்கும் மூன்று வழி வையுங்கள். இரண்டை அவர்கள் தவறவிடுவார்கள். ஏழு தகடும் ஒரே ஆள் செய்தவை என்பது இங்கே கண்டுபிடிக்க வேண்டிய உண்மை. ஒன்று, தகடுகளின் ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியது அல்ல; இயந்திரத்தில் வெட்டிய ஓரம். இரண்டு, ஏழிலும் ஒரே எழுத்துப் பிழை. மூன்று, தகட்டைத் தோண்டி எடுக்க வருகிற மந்திரவாதியை எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து அழைத்துவருவது எப்போதும் ஒரே வேன். தகடு ஒன்றை நானே செய்து மேஜையில் வைத்தேன். பாத்திரக் கடையில் வாங்கிய மெல்லிய செப்புத் தகட்டில் மழுங்கிய ஆணியால் கட்டம் கீறி, புளியும் உப்பும் தடவி ஒரு வாரம் ஈரமண்ணில் புதைத்தால் நிறம் மங்கிப் பச்சை படரும். கையில் எடுத்ததும் ஒருவர் மூக்கருகே கொண்டுபோனார், பிறகு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். எந்த வர்ணனையும் அந்த வேலையைச் செய்யாது.

அடுத்து சார்பதிவாளர் அலுவலகம். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் ஏழில் மூன்று வீட்டு மனை அடிமாட்டு விலைக்கு ஒரே ஆளுக்குக் கைமாறியிருக்கிறது. இத்தகைய துப்புகளுக்கு உருட்டச் சொல்லாதீர்கள். கேட்டால் கொடுத்துவிடுங்கள். எத்தனை நாள் ஆனது, யார் காதுக்குப் போனது என்பதற்கு மட்டும் உருட்டினால் போதும். துப்பு கிடைக்காமல் ஆட்டம் நின்றுபோவதுதான் புதிதாக நடத்துகிறவர்களுக்கு வரும் பெரிய சங்கடம்.

இனி அந்த ஒரே ஒரு கற்பனைப் பொருள். மனு போட்ட அம்மாவின் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு இரும்புக் குண்டு கிடக்கிறது. 1690இல் வந்து விழுந்தது. அவள் வாசலில் தகடு இல்லாததற்குக் காரணம், அங்கே புதைத்த தகடு மறுநாள் காலையில் புதைத்தவன் வீட்டு வாசலிலேயே கிடந்தது. ஏன் என்று நான் விளக்கவில்லை. நீங்களும் விளக்காதீர்கள்.

ஆட்டம் நடக்கும் நாள்

மாலை நான்கு மணிக்குத் தொடங்கி ஏழுக்கு முடியுங்கள். நாற்பது நிமிடம் மனுவும் ஊர் விசாரணையும், ஒரு மணி நேரம் துப்பு, நடுவில் டீ, மீதி நேரம் கடைசிக் காட்சி. போன்களை ஒரு தட்டில் போட்டுவிடுங்கள். விளக்கை அணைத்துப் பின்னணி இசை போடுவதெல்லாம் தேவையில்லை. கோப்பு படிக்க வெளிச்சம் வேண்டும். ஊர்க்காரர்களாகப் பேசும்போது ஊர் மாதிரியே பேசுங்கள். குப்பத்துப் பெரியவர் அதிகாரியை "சார்" என்பார், தலையாரியை "தம்பி" என்பார். அந்த வித்தியாசத்திலேயே யாரிடம் உண்மை வரும் என்று ஆட்டக்காரர்களுக்குப் புரிந்துவிடும்.

கடைசிப் பதினைந்து நிமிடத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு குறிப்புத் தாளை நடுவில் வையுங்கள். மேலே அனுப்ப வேண்டிய அறிக்கையை ஆட்டக்காரர்களே எழுத வேண்டும், கையெழுத்தும் போட வேண்டும். குண்டைப் பற்றி எழுதினால் வீட்டைத் தோண்டுவார்கள், அந்த அம்மா வெளியேற வேண்டும். எழுதாவிட்டால் அரசிடம் உண்மையை மறைத்ததாகிவிடும். எங்கள் மேஜையில் அரை மணி நேரம் சண்டை. கண்காணிப்பாளராக விளையாடியவர் முழுதும் எழுதியே ஆக வேண்டும் என்றார். கடைசியில் தலையாரியாக விளையாடியவர் பேனாவை வாங்கி நான்கே வரி எழுதினார்:

"மனுதாரர் வீட்டில் தகடு ஏதும் இல்லை. மற்ற வீடுகளில் வைத்தவரும் அவர் அல்லர். மேல் நடவடிக்கை தேவையில்லை. நகல் மனுதாரருக்கு."

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் கோப்பை டேக் போட்டுக் கட்டி வைத்தேன். அடுத்த மாதம், அதே குறிப்புத் தாளின் ஓரத்தில் மேலிடத்து அதிகாரியின் பச்சை மையில் ஒரே கேள்வியை எழுதி, அதை மேஜையில் வைத்து இரண்டாம் ஆட்டத்தைத் தொடங்கினேன்: "படிக்கட்டைப் பார்த்தீர்களா?"